பெரிமெனோபாஸில் ஹார்மோன் சிகிச்சை: நோட்டு போடுவதிலிருந்து முதல் ஆண்டு முடியும் வரை

மாதவிடாய் தாறுமாறாகி, நடுராத்திரியில் குப்பென்று வியர்த்து எழுந்து, காரணமே இல்லாமல் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருக்கும் நாற்பதுகளின் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இந்தச் சிகிச்சையில் இருப்பவள். அக்கா, நாத்தனார், ஆபீஸ் தோழிகள் என்று ஒவ்வொருவராகத் தொடங்கியபோது கூடவே போய் வந்தவள். அவர்களில் பலர் தடுமாறியது மருந்தால் அல்ல, எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பது தெரியாததால். மருந்தும் அளவும் உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை. இங்கே வரும் எண்கள் அவர் எழுதித் தரும் சீட்டு உங்களுக்குப் புரிவதற்காக மட்டுமே.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிமெனோபாஸ் என்பது மாதவிடாய் அடியோடு நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் ஓவரி (சினைப்பை) ஒரு மாதம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை அள்ளிக் கொட்டும், அடுத்த மாதம் கையை விரித்துவிடும். அதை ஒரே எண்ணில் நிறுத்திவைக்கும் மருந்து கிடையாது. "ஹார்மோன் பேலன்ஸ்" என்று பேக்கேஜ் விற்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள், நம்ப வேண்டாம். சிகிச்சையின் குறிக்கோள் தொல்லையைத் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைப்பதும், கர்ப்பப்பைக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்வதும்தான்.

1. டாக்டரைப் பார்க்கும் முன் நோட்டு

குறைந்தது இரண்டு சுழற்சிக்காவது எழுதிக்கொண்டு போங்கள். மாதவிடாய் வந்த தேதி, எத்தனை நாள், எத்தனை பேடு, கட்டி கட்டியாகப் போனதா, நடுவில் ஸ்பாட்டிங் (லேசாக ரத்தம் படுவது) இருந்ததா. அதே வரியில் அன்றைய தூக்கம், உடம்பு காந்தியது எத்தனை முறை, மனநிலை, தலைவலி, மூட்டு வலி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டால் போதும்.

இது ஏன் முதல் படி என்றால், பெரிமெனோபாஸைக் கண்டுபிடிப்பதே பெரும்பாலும் இந்தக் கணக்கை வைத்துத்தான். தவிர, ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். "ரொம்பக் கஷ்டமா இருக்கு டாக்டர்" என்று சொன்னால் விட்டமின் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். "வாரத்தில் ஐந்து ராத்திரி இரண்டு மணிக்கு வியர்த்து எழுகிறேன், மூன்று மாதமாக 20 நாளுக்கு ஒருமுறை வருகிறது, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு பேடு" என்றால் பேனா வேறு மாதிரி ஓடும்.

மருந்து தொடங்கிய பிறகும் இதே நோட்டைத் தொடர வேண்டும். பின்னால் எந்த மருந்து எதைச் செய்கிறது என்று பிரித்துப் பார்க்க வேறு வழியே இல்லை.

2. எந்த டெஸ்ட் தேவை, எது வீண் செலவு

45 வயதைத் தாண்டி, சுழற்சி மாறி, உடம்பு காந்துவதும் இருந்தால் எஃப்எஸ்ஹெச் (ஓவரியைத் தூண்டும் ஹார்மோன்), ஈஸ்ட்ராடையால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை) டெஸ்ட் பொதுவாகத் தேவையில்லை. அந்த எண்கள் வாரத்துக்கு வாரம் மாறும். இந்த வாரம் "நார்மல்" என்று வந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, தன் கஷ்டமெல்லாம் வெறும் மனப்பிரமை என்று நம்பிப் பல மாதம் பொறுத்துக்கொண்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். எச்சிலை எடுத்து ஹார்மோன் பார்க்கும் டெஸ்ட்டும் அப்படித்தான், சிகிச்சையை முடிவு செய்ய உதவாது.

40 வயதுக்குள் மாதவிடாய் நின்றுபோனால் கதை வேறு. அப்போது எஃப்எஸ்ஹெச் சில வார இடைவெளியில் இருமுறை பார்க்கப்படும், காரணமும் தேடப்படும். 40 முதல் 45 வரை உள்ளவர்களுக்கு டாக்டர் சூழ்நிலை பார்த்துச் சொல்வார். நம் நாட்டில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47 வாக்கில். மேலை நாடுகளில் 51. அதனால் 43 வயதில் இந்தத் தொல்லைகள் தொடங்குவது இங்கே அதிசயம் அல்ல.

உண்மையில் தேவைப்படுபவை எல்லாம் சாதாரணமானவை: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்தின் இருப்பு), தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், ரத்த அழுத்தம், எடை. படபடப்பு, முடி கொட்டுதல், அசதி, மறதி எல்லாம் தைராய்டாலும் வரும், ரத்தசோகையாலும் வரும். மாதக்கணக்கில் அதிகமாக உதிரம் போயிருந்தால் இரும்புச்சத்து வற்றிப்போயிருக்கும். அதைச் சரிசெய்யாமல் ஈஸ்ட்ரோஜன் போட்டுவிட்டு "அசதி போகவே இல்லையே" என்று மருந்தைக் குறை சொல்வதில் பயனில்லை.

இவற்றோடு மார்பகப் பரிசோதனை, வயதைப் பொறுத்து மேமோகிராம், பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை). நாள் தள்ளிப்போயிருந்தால் கர்ப்பப் பரிசோதனையும். 47 வயதில் அதை எழுதிக் கொடுத்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

3. உதிரப்போக்குக்குக் காரணம் தெரிந்த பிறகே அடுத்த படி

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கவே கூடாது. நடுவில் ரத்தம் படுவது, உறவுக்குப் பின் படுவது, ஒரு வாரத்துக்கு மேல் நிற்காமல் போவது, இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் ஸ்கேன் எடுத்து கர்ப்பப்பையின் உள்படலம் எவ்வளவு தடித்திருக்கிறது, நார்க்கட்டி உண்டா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் உள்படலத்தில் சிறிது எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள்.

மருந்து தொடங்கிய பிறகு முதல் சில மாதம் எப்படியும் கொஞ்சம் ரத்தம் படும். பழைய பிரச்சினையால் படுகிறதா, மருந்தால் படுகிறதா என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது. உள்படலத்தில் புற்றுநோயே இருந்தாலும் "மருந்து பழகும் வரை இப்படித்தான்" என்ற சமாதானத்தில் மறைந்துபோகும்.

4. டாக்டரிடம் ஒளிக்கக் கூடாதவை

மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால், கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்திருந்தால், பக்கவாதம், மாரடைப்பு வந்திருந்தால், கல்லீரல் நோய் இருந்தால் சொல்லியே ஆக வேண்டும். இவர்களில் பலருக்கு இந்தச் சிகிச்சை கூடாது, சிலருக்கு வேறு வடிவத்தில் கொடுப்பார்கள். ஹார்மோன் முடியாதவர்களுக்கு உடம்பு காந்தலைக் குறைக்க ஹார்மோன் அல்லாத மாத்திரைகளும் உண்டு.

ரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் எடை, பித்தப்பைக் கல், கண்ணில் மின்னல் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, இவையும் முக்கியம். இவை இருந்தால் மாத்திரையை விடத் தோல் வழியாகப் போகும் ஜெல் அல்லது பேட்ச் பாதுகாப்பு. வாயால் சாப்பிடும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போகிறது, அங்கே ரத்தம் உறையவைக்கும் பொருட்களைத் தூண்டுகிறது. வழக்கமான அளவில் தோல் வழி ஈஸ்ட்ரோஜன் அப்படிச் செய்வதில்லை.

அப்புறம், இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், கார்பமசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை ஈஸ்ட்ரோஜனை வேகமாகக் கரைத்துவிடும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடங்கினால் தைராய்டு அளவைக் கூட்ட வேண்டி வரலாம். எனவே 6 முதல் 12 வாரத்துக்குள் டிஎஸ்ஹெச் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஜெல்லுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நாட்டு மருந்துக் கடைப் பொடியும் மருந்துதான். தண்ணீர்விட்டான் கிழங்கு, அமுக்கராப் பொடி எதுவானாலும் அந்தப் பாக்கெட்டையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். அமுக்கரா சிலருக்குக் கல்லீரலைப் பாதித்ததாகவும், தைராய்டைக் கிளறிவிட்டதாகவும் பதிவுகள் உள்ளன.

புற்றுநோய் பயத்தையும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். வீட்டில் யாராவது "ஹார்மோன் மாத்திரையா, கேன்சர் வரும்" என்று சொல்லாமல் இருக்கப்போவதில்லை. அந்தப் பயம் பெருமளவு 2002இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்விலிருந்து வந்தது. அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. இரண்டு ஹார்மோன் சேர்ந்த கூட்டு மருந்து எடுத்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேரில் சுமார் 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. எடுக்கும் காலம் நீள நீள அது கொஞ்சம் கூடும். ஆனால் 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று 10 ஆண்டு ஆவதற்குள் தொடங்குபவர்களுக்குப் பெரும்பாலும் நன்மைப் பக்கமே தட்டு தாழ்கிறது. உங்கள் அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் கணக்கு மாறும், அதைத் தனியாகப் பேச வேண்டும்.

5. சீட்டில் எழுதியிருப்பதைப் புரிந்துகொள்ளுதல்

கர்ப்பப்பை இருப்பவருக்கு இரண்டு மருந்து. ஈஸ்ட்ரோஜன் தொல்லையைக் குறைக்கிறது. புரோஜெஸ்ட்டிரோன் கர்ப்பப்பையைக் காக்கிறது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் போனால் உள்படலம் தடித்துக்கொண்டே போகும், நாளடைவில் அது புற்றுநோயில் கொண்டுபோய்விடலாம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். எண்டோமெட்ரியோசிஸ் (உள்படலம் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வது) இருந்தவர்களுக்கு மட்டும் டாக்டர் வேறு மாதிரி சொல்லலாம்.

ஈஸ்ட்ரோஜன் மாத்திரையாக ஈஸ்ட்ராடையால் வேலரேட் 1 மி.கி., 2 மி.கி. என்று வருகிறது. ஜெல் என்றால் ஒரு பம்ப்பில் 0.75 மி.கி. ஈஸ்ட்ராடையால். தொடக்கம் பொதுவாக 1 மி.கி. மாத்திரை, அல்லது ஒன்றிரண்டு பம்ப். பேட்ச் எல்லாக் கடையிலும் கிடைக்காது, கேட்டு வைத்துத்தான் வாங்க வேண்டும்.

புரோஜெஸ்ட்டிரோன் பக்கம்தான் பெரிமெனோபாஸ்காரர்கள் குழம்புகிறார்கள். இன்னும் மாதவிடாய் வந்துகொண்டிருப்பதால் உங்களுக்குச் சுழற்சி முறை: ஈஸ்ட்ரோஜன் தினமும், புரோஜெஸ்ட்டிரோன் மாதத்தில் 12 முதல் 14 நாள் மட்டும். மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்ட்டிரோன் என்றால் 200 மி.கி. இரவில், டைட்ரோஜெஸ்ட்டிரோன் என்றால் 10 மி.கி. புரோஜெஸ்ட்டிரோன் நாட்கள் முடிந்த சில நாளில் மாதவிடாய் மாதிரி உதிரம் வரும். வருவதுதான் சரி.

"தினமும் ஒன்றாகச் சாப்பிடலாமே, தோழி அப்படித்தான் சாப்பிடுகிறாள்" என்று கேட்பார்கள். அந்தத் தோழிக்கு மாதவிடாய் நின்று ஓராண்டு ஆகியிருக்கும். தினசரி முறையை இப்போதே தொடங்கினால், உங்கள் ஓவரி போடும் கூத்தும் மருந்தும் மோதிக்கொண்டு எந்த நாளில் ரத்தம் படும் என்றே சொல்ல முடியாது. டிபோலோன் என்ற மாத்திரையும் மாதவிடாய் நின்று ஓராண்டு ஆனவர்களுக்கு உரியது.

அதிகமாக உதிரம் போகிறவர்களுக்கு நல்ல மாற்று உண்டு. ஹார்மோன் உள்ள காப்பர்-டி என்று நம்மூரில் சொல்லப்படும் மிரீனா கர்ப்பப்பைக்குள்ளேயே 5 ஆண்டு பாதுகாப்புத் தரும், உதிரப்போக்கையும் குறைக்கும், கருத்தடையாகவும் இருக்கும். அதைப் போட்டிருந்தால் வெளியிலிருந்து ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். போட்ட முதல் மூன்று முதல் ஆறு மாதம் விட்டு விட்டு ஸ்பாட்டிங் இருக்கும் என்பதைச் சொல்லாமல் போட்டுவிட்டு, பெண்கள் பயந்து எடுக்கச் சொல்லிப் போய் நிற்பது அடிக்கடி நடக்கிறது.

கருத்தடை என்றதும் ஒன்று. ஹார்மோன் சிகிச்சை கருத்தடை ஆகாது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கவலையில்லை. மற்றவர்கள், 50 வயதுக்குள் மாதவிடாய் நின்றால் அதற்குப் பின் 2 ஆண்டும், 50க்கு மேல் என்றால் ஓராண்டும் பாதுகாப்பைத் தொடர வேண்டும்.

6. காலண்டரில் குறித்தல்

புரோஜெஸ்ட்டிரோனை "மாதவிடாயின் 15ஆம் நாளிலிருந்து" என்று எழுதிக் கொடுத்தால், மாதவிடாயே எப்போது வருமென்று தெரியாதவள் எதிலிருந்து எண்ணுவது? டாக்டர் சம்மதித்தால் ஆங்கிலத் தேதிக்குக் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் 1 முதல் 12 வரை கேப்சூல் என்று வைத்தால் மறக்காது. அடுக்களையில் பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் எழுதும் அந்த மாதக் காலண்டரிலேயே 12 கட்டங்களை வட்டமிட்டு, போட்டவுடன் அடித்துவிடுங்கள்.

நடுவில் உதிரம் வந்தாலும் கேப்சூலை நிறுத்தக் கூடாது. "பீரியட்ஸ்தான் வந்துவிட்டதே, இனி எதற்கு?" என்று ஆறாம் நாளோடு விடுவது எல்லோரும் செய்வது. முழு 12 நாள் போகாமல் உள்படலம் சரியாக அடங்காது. ஈஸ்ட்ரோஜனையும் அந்த நாட்களில் நிறுத்தக் கூடாது. கருத்தடை மாத்திரை சாப்பிட்டுப் பழகியவர்கள் "ஒரு வாரம் இடைவெளி" விட்டுவிடுகிறார்கள், அந்த வாரத்தில் வியர்வையும் தலைவலியும் திரும்பி வரும்.

ஈஸ்ட்ரோஜன் ஒரு வேளை மறந்தால், 12 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் எடுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் விட்டுவிட்டு அடுத்த வேளையைத் தொடருங்கள். இரட்டிப்பாகப் போட வேண்டாம்.

7. போடும் விதம்

*ஜெல்.* குளித்து, துவட்டி, உடம்பு நன்றாக உலர்ந்த பிறகு. மே மாதத்தில் ஈரம் காயும் முன் வியர்வை வந்துவிடும், ஆகவே ஃபேனுக்கு அடியில் சற்று நின்றுவிட்டுத் தடவுங்கள். மேற்கையின் வெளிப்புறம், தோள், அல்லது உள்தொடை. மார்பில் தடவவே கூடாது. ஒரே இடத்தில் அழுத்தித் தேய்க்க வேண்டாம், மெல்லிய படலமாக அகலமாகப் பரப்பிவிட்டால் போதும். தோலில் எண்ணெய், மஞ்சள், பாடி லோஷன் இருக்கக் கூடாது, அவை மருந்து உள்ளே போவதைத் தடுக்கும். எண்ணெய்க் குளியல் நாளில் சீயக்காய் போட்டு எண்ணெய் முழுக்கப் போனபின் தடவுங்கள்.

ஜெல்லில் ஆல்கஹால் இருக்கிறது. காய்வதற்குள் தீயருகே போகக் கூடாது. குளித்தவுடன் நேராக விளக்கேற்றி அடுப்படிக்குப் போகும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஜெல் தடவி, ஐந்து நிமிடம் காயவிட்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிறகு விளக்கைப் பாருங்கள். ஒரு மணி நேரமாவது அந்த இடத்தைக் கழுவாமல், குழந்தைகள் மேலே உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேரக் குழந்தையைத் தூக்கும் நேரம் காலை என்றால் ஜெல்லை இரவுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

*பேட்ச்.* இடுப்புக்குக் கீழே, பிட்டத்தின் மேல்பகுதியில். பாவாடை நாடா கட்டும் இடத்தில் ஒட்டினால் நாடா உரசி ஒரே நாளில் ஓரம் கிளம்பிவிடும், தோலும் புண்ணாகும். வாரம் இருமுறை மாற்றும் பேட்ச் என்றால் கிழமையை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் இடம் மாற வேண்டும்.

*புரோஜெஸ்ட்டிரோன் கேப்சூல்.* படுக்கும்போது மட்டும். தூக்கத்தைக் கொண்டுவரும், சிலருக்குத் தலை சுற்றும். தூக்கம் வராமல் தவிப்பவர்களுக்கு இது வரம்தான். ஆனால் சாப்பிட்டவுடனே போட்டால் வழக்கத்தைவிட அதிகமாக உடம்பில் ஏறி, மறுநாள் காலை வண்டி ஓட்ட முடியாத அளவுக்கு மந்தமாக இருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். சில கேப்சூல்களில் கடலை எண்ணெய் இருக்கும், வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் கேட்டு வாங்குங்கள்.

*பிறப்புறுப்பு கிரீம்.* வறட்சி, உறவில் வலி, சிறுநீரில் எரிச்சல், அடிக்கடி சிறுநீர்த் தொற்று இவற்றுக்கு எஸ்ட்ரியால் கிரீம். முதல் இரண்டு மூன்று வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் இருமுறை. இது அந்த இடத்தோடு நிற்பதால் தனியாகப் புரோஜெஸ்ட்டிரோன் வேண்டாம். மேலே சொன்ன மாத்திரையோ ஜெல்லோ எடுத்தாலும் இது சேர்த்துத் தேவைப்படலாம். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு ஆண்டுக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் மட்டும் சாப்பிடும் பெண்கள் எத்தனையோ பேர்.

மெடிக்கல் ஷாப்பில் ஒரு கவனம். "அக்கா, அது ஸ்டாக் இல்ல, இதுவும் அதேதான்" என்று நீட்டும் அட்டையை அப்படியே வாங்காதீர்கள். மூலப் பெயரும் மில்லிகிராமும் சீட்டோடு ஒத்துப்போக வேண்டும். டைட்ரோஜெஸ்ட்டிரோன் கேட்ட இடத்தில் நோரெதிஸ்டிரோன் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் புரோஜெஸ்ட்டிரோன் வகைதான், ஆனால் அளவும் குணமும் வேறு.

8. முதல் மூன்று மாதம்

இரண்டு முதல் நான்கு வாரத்தில் காந்தலும் வியர்வையும் குறையத் தொடங்கும். முழுப் பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். தூக்கம் வியர்வையின் பின்னாலேயே சரியாகும். மனநிலை சற்றுத் தாமதமாக. வறட்சிக்கு இன்னும் அதிக நாள்.

இதே காலத்தில் மார்பு கனத்து வலிக்கும், வயிறு உப்பும், குமட்டும், நடுவில் ரத்தம் படும். பெரும்பாலானோர் மூன்றாம் வாரத்தில் மருந்தைத் தூக்கிப் போடுவது இங்கேதான். இவற்றில் முக்கால்வாசி தானாக அடங்குபவை. குமட்டலுக்கு மாத்திரையைச் சாப்பாட்டோடு அல்லது இரவுக்கு மாற்றினால் போதும்.

நோட்டின் பலன் இப்போது தெரியும். தொல்லை எந்தத் தேதிகளில் வருகிறது என்று பாருங்கள். 1 முதல் 12 வரை மட்டும் அழுகை, உப்பசம், சோர்வு என்றால் காரணம் புரோஜெஸ்ட்டிரோன். வகையையோ போடும் வழியையோ மாற்றலாம், ஈஸ்ட்ரோஜனைக் குற்றம் சொல்ல வேண்டாம். மாதம் முழுக்க மார்பு வலியும் குமட்டலும் என்றால் ஈஸ்ட்ரோஜன் கூடுதல். மாதம் முழுக்க வியர்வை தொடர்ந்தால் குறைவு, அல்லது ஜெல் சரியாகத் தோலில் ஏறவில்லை. ஒரு வாரம் மார்பு வலி, அடுத்த வாரம் வியர்வை என்று தாறுமாறாக இருந்தால் உங்கள் சொந்த ஓவரி இடையில் புகுந்து விளையாடுகிறது. அதற்காக அவசரப்பட்டு அளவை மாற்றினால் இன்னும் குழப்பம்தான். மனச்சோர்வு ஆழமாகி, வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ரிவ்யூவுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே டாக்டரிடம் பேசுங்கள், அல்லது 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

9. மூன்றாம் மாத ரிவ்யூ: ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

இந்தச் சந்திப்பைத் தள்ளிப்போடாதீர்கள். ரத்த அழுத்தம், எடை பார்ப்பார்கள், நோட்டைக் காட்டுங்கள். எஃப்எஸ்ஹெச் டெஸ்ட் மறுபடி எடுத்துப் பார்க்க அவசியமில்லை. தொல்லை குறைந்ததா என்பதுதான் அளவுகோல். அதிக அளவு ஜெல் போட்டும் பலனே இல்லை என்றால் மட்டும், தோலில் மருந்து ஏறுகிறதா என்று பார்க்க ஈஸ்ட்ராடையால் டெஸ்ட் உதவலாம்.

ஈஸ்ட்ரோஜனைக் கூட்டுவதும், புரோஜெஸ்ட்டிரோனை மாற்றுவதும், தூக்க மாத்திரை சேர்ப்பதும் ஒரே நாளில் வேண்டாம் என்று நீங்களே கேளுங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். ஈஸ்ட்ரோஜன் அளவை நிறையக் கூட்டினால் மட்டும் புரோஜெஸ்ட்டிரோனும் ஈடாக இருக்கிறதா என்று அதே நாளில் கேட்டுவிடுங்கள். அது கர்ப்பப்பைப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது.

மருந்து தொடங்கி ஆறு மாதத்துக்குப் பிறகும் எதிர்பாராத ரத்தம் நிற்காவிட்டால், அல்லது அளவு மாற்றி மூன்று மாதம் ஆகியும் நீடித்தால், ஸ்கேன் அவசியம்.

10. திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

கோயில், கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று மாதவிடாயைத் தள்ளிப்போட நோரெதிஸ்டிரோன் மாத்திரையைத் தானே வாங்கிப் போடுவது. ஹார்மோன் சிகிச்சையின் நடுவில் இதைச் சேர்த்தால் அந்த மாதக் கணக்கே குலையும். தவிர, தள்ளிப்போடும் அளவில் அதில் ஒரு பங்கு உடம்பில் வேறொரு ஈஸ்ட்ரோஜனாக மாறும், ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். சுழற்சி முறையில் இருப்பவருக்கு இது தேவையே இல்லை. விசேஷத் தேதியை முன்கூட்டியே டாக்டரிடம் சொன்னால் புரோஜெஸ்ட்டிரோன் நாட்களைச் சற்று நகர்த்தித் தருவார்.

புரோஜெஸ்ட்டிரோன் பிடிக்கவில்லை என்று அதை மட்டும் நிறுத்திவிட்டு, நன்றாக இருக்கிறதே என்று ஈஸ்ட்ரோஜனைத் தொடர்வது. இந்தப் பட்டியலில் மிக ஆபத்தானது இதுதான். அதை நிறுத்துவதானால் இரண்டையும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

காலையில் எல்லா மாத்திரையையும் ஒரே கையில் அள்ளி விழுங்குவது. கால்சியமும் இரும்புச்சத்தும் தைராய்டு மாத்திரையை உறிஞ்ச விடாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

அக்கா மருந்தைத் தங்கை பகிர்ந்துகொள்வது. அக்காவுக்குக் கர்ப்பப்பை இல்லை, தங்கைக்கு இருக்கிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

11. உடனே மருந்தை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

ஒரு கால் மட்டும் கெண்டைச்சதையில் வீங்கி வலித்தல், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, இதுவரை வராத கடும் தலைவலி, பார்வை மங்குதல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் இழுத்தல், கண் மஞ்சளாதல். 108ஐ அழையுங்கள். என்ன ஹார்மோன் எடுக்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். மார்பில் புதிதாகக் கட்டி தட்டுப்பட்டால் அவசர வண்டி தேவையில்லை, ஆனால் அந்த வாரமே காட்ட வேண்டும்.

பெரிய ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தால் சர்ஜனிடம் இந்த மருந்தைப் பற்றி முன்பே சொல்லுங்கள். மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போகும் அம்மாக்கள், போகும் காலம் முழுக்கத் தேவையான மருந்தை மூலப் பெயர் எழுதிய சீட்டோடு கைப்பையில் வையுங்கள். நீண்ட விமானப் பயணத்தில் அவ்வப்போது எழுந்து நடந்துவிட்டு வாருங்கள்.

12. ஓராண்டுக்குப் பிறகு

மூன்றாம் மாத ரிவ்யூவில் எல்லாம் சரியாக இருந்தால், அதற்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ரத்த அழுத்தம், மார்பகம், உதிரக் கணக்கு, இன்னும் தேவையா என்ற பேச்சு.

சுழற்சி முறையில் இருக்கும்போது மருந்தே உதிரத்தைக் கொண்டுவருவதால், உங்கள் சொந்த மாதவிடாய் நின்றுவிட்டதா என்பது தெரியாது. அதனால் வயதையும் எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதையும் வைத்து டாக்டர் தினசரி முறைக்கு மாற்றுவார், அதாவது புரோஜெஸ்ட்டிரோன் 100 மி.கி. தினமும். அப்போது மாதா மாதம் வரும் உதிரம் நின்றுவிடும். மாறிய முதல் சில மாதம் மறுபடி ஸ்பாட்டிங் வரும், பழைய நோட்டைத் தூசி தட்டி எடுக்க வேண்டியதுதான்.

ஐந்து ஆண்டோடு நிறுத்தியே ஆக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. 40 வயதுக்குள் மாதவிடாய் நின்றவர்கள், எலும்பையும் இதயத்தையும் காக்க, இயல்பாக நிற்கும் வயது வரையாவது தொடர வேண்டும். நிறுத்துவதானால் ஒரேயடியாகவும் நிறுத்தலாம், மூன்று முதல் ஆறு மாதத்தில் படிப்படியாகவும் குறைக்கலாம். படிப்படியாகக் குறைத்தால் முதல் சில வாரம் சற்று எளிதாக இருக்கும். குறைக்கும்போதும் புரோஜெஸ்ட்டிரோன் நாட்களை முழுதாக முடிக்க வேண்டும். குறைக்கத் தொடங்குவதற்கு ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்த வெயிலில் வரும் வியர்வை எதனால் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.